மாணவர் பொதுப்பணியும் அதற்கான பொருளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தனர். எதைப் பற்றி எழுதுவது என்று நாம் நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை. சென்ற பொதுக்குழுவில் எழுந்த வாதமே நமக்குப் பொருளைத் தந்துவிட்டது.

விழா நிதியில் ஒரு பகுதியை, கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் நம் பிள்ளைகள் தாமே திட்டமிட்டு நடத்தும் பொதுப்பணிகளுக்கு ஒதுக்குவது என்று ஒரு தீர்மானம் அன்று முன்வைக்கப்பட்டது. மாணவர்கள் மூன்று வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்திருந்தனர். பதினெட்டு வயது நிரம்பியும் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறாதவர்களை வீடு வீடாகச் சென்று சேர்ப்பது ஒன்று. பஞ்சமி நிலப் பதிவேடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெறுவது மற்றொன்று. வட்டத்திலுள்ள நம் குடியிருப்புகளில் சுடுகாட்டுப் பாதை இல்லாதவை எவை எவை என்று கணக்கெடுத்து மனுச் செய்வது மூன்றாவது.

மூத்தவர் ஒருவர் எழுந்தார். “பிடி அரிசி போட்டுச் சேர்த்த பணம் ஐயா இது. பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்தது. மனுப் போடவும் ஊரைப் பகைத்துக்கொள்ளவும் அல்ல” என்றார். மற்றொருவர், “பணம் கொடுப்போம், என்ன செய்ய வேண்டும் என்பதைச் செயற்குழு சொல்லட்டும்” என்றார். மாணவர் தரப்பில் பேசிய பெண், “எங்கள் மேல் நம்பிக்கை இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்” என்று சொல்லி அமர்ந்துவிட்டார். முடிவு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

மூவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆயினும் இக்கேள்வி நமக்கு மட்டும் புதிதாக வந்த கேள்வியன்று. மாணவர் பொதுப்பணிக்குப் பொருள் தருபவர் யார், அதை நடத்துபவர் யார் என்னும் வழக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1960 முதல் நாற்பது ஆண்டுகள் நடந்து, அந்நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்த வரலாற்றை நம் இளைஞர்களும் உறுப்பினர்களும் அறிந்து முடிவு செய்வது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அமெரிக்கா நமக்கு அந்நியமான தேசமுமன்று. அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். கறுப்பின மக்களின் பேரறிஞரான டூ போய்ஸுக்கு 1946இல் அவர் எழுதிய கடிதம், அம்மக்களின் நிலையும் நம் மக்களின் நிலையும் ஒத்திருப்பதை எடுத்துக் காட்டியது. ஆகவே, கறுப்பின மாணவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

அரசுப் பணமும் அரசுக் கட்டளையும்

1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், கல்லூரி முதலாண்டு மாணவர் நால்வர் ஒரு பெரிய கடையின் சிற்றுண்டி மேடை முன் சென்று அமர்ந்தனர். அம்மேடை வெள்ளையருக்கு மட்டும் உரியது. உணவு தர மறுக்கப்பட்டும் அவர்கள் எழவில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்ட நம் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. சில கிழமைகளில் தென் மாநிலங்கள் பலவற்றிலும் மாணவர்கள் இவ்வாறே அமரத் தொடங்கினர்.

அதே மாதம் 25ஆம் நாள், அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கமரியில், அரசுக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் நீதிமன்றக் கட்டடத்துச் சிற்றுண்டி அறைக்குள் சென்று உணவு கேட்டனர். அம்மாநிலத்தின் ஆளுநரே கல்விக் குழுவுக்கும் தலைவர். கல்லூரி நடப்பது மாநில அரசின் பணத்தில். எனவே கட்டளை பிறந்தது. ஒன்பது மாணவர்கள் நீக்கப்பட்டனர். இருபது பேர் எச்சரிக்கைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். என்ன குற்றம் என்று எழுதித் தரப்படவில்லை, விசாரணையும் நடைபெறவில்லை. 1961ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குமுன் குற்றத்தைத் தெரிவித்து, அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டின் மாணவர் உரிமைக்கு அத்தீர்ப்பு ஓர் அடிக்கல்லாயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கல்லூரியை நடத்தும் பணம் ஒரே கையிலிருந்து வருமாயின், அந்தக் கை சுட்டும் திசையில்தான் கல்லூரி நடக்கும். மூத்தவர் அஞ்சியதும் இதுவே. அவருடைய அச்சம் பொய்யன்று.

எண்ணூறு டாலரின் கதை

அதே ஆண்டு ஏப்ரலில், சிதறிக் கிடந்த மாணவர் குழுக்களை ஒன்று சேர்க்க எல்லா பேக்கர் என்னும் பெண்மணி முன்வந்தார். அவர் அப்போது மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவ்வமைப்பு மாநாட்டுச் செலவுக்கு 800 டாலர் தந்தது. ராலே நகரில், கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்டதும் தாம் பயின்றதுமான ஷா பல்கலைக்கழகத்தில் அம்மையார் மாநாட்டைக் கூட்டினார்.

பணம் தந்த பெரியவர்களுக்கு, மாணவர்கள் தங்கள் அமைப்பின் கிளையாக வரக்கூடாதா என்னும் எண்ணம் இருந்தது. எல்லா பேக்கர் அதற்கு இணங்கவில்லை. மாணவர்கள் தங்கள் வழியைத் தாங்களே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அவ்வாறு பிறந்ததே மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு. அக்குழுவின் ஊழியர்கள் பின்னர் வாரத்திற்குப் பத்து டாலர் அளவே ஊதியம் பெற்று, தென் மாநிலச் சிற்றூர்களில் தங்கிப் பணியாற்றினர்.

தலைக்கணக்குப் பார்த்த அறக்கட்டளைகள்

1962இல் வேறொரு வாயில் திறந்தது. டக்கோனிக், ஃபீல்ட் முதலிய அறக்கட்டளைகள் வாக்காளர் கல்வித் திட்டம் ஒன்றுக்குப் பெரும் பொருள் தர முன்வந்தன. மாணவர் குழுவும் அதில் பங்கு பெற்றது. வேலை என்ன? கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்விப்பது.

மிசிசிப்பி மாநிலத்தில் அது எளிய வேலையன்று. பதிவு அலுவலர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார். விளக்கம் சரியா தவறா என்பதை அவரே முடிவு செய்வார். ஃபேனி லூ ஹேமர் என்னும் பண்ணைத் தொழிலாளி 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பதிவு செய்யச் சென்றார். தேர்வில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். பண்ணையாள் வாழ்வை நம் பாட்டன்மார் வாய்வழி கேட்டவர்களுக்கு இது புதுக்கதையா?

அன்றைய பதிவுக் கணக்கில் அந்த அம்மையார் ஓர் எண்ணாகக்கூடச் சேரவில்லை. ஆனால் மிசிசிப்பியின் விடுதலைக் குரலாக நாடறிய எழுந்தவர் அவரே. இத்தகைய மாற்றத்தை எந்தக் கணக்கேடு காட்டும்? எளிதாகப் பதிவு நடந்த மாநிலங்களில் எண்ணிக்கை ஏறியது. அடக்குமுறை மிகுந்திருந்த மிசிசிப்பியில் ஏறவில்லை. செலவுக்கு ஏற்ற பதிவு இல்லை என்னும் காரணத்தால், 1963ஆம் ஆண்டின் இறுதியில் மிசிசிப்பிக்கான உதவி நிறுத்தப்பட்டது. மிகுதியாகத் துன்பப்பட்டவர்களுக்கே முதலில் பணம் நின்றது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

மாணவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1964ஆம் ஆண்டுக் கோடையில் ஆயிரத்தை நெருங்கிய தொண்டர்கள் மிசிசிப்பிக்குச் சென்றனர். பெரும்பாலோர் வட மாநிலப் பல்கலைக்கழகங்களின் வெள்ளை மாணவர்கள். சிறைப்பட்டால் பிணைத்தொகை கட்டுவதற்கென ஒவ்வொருவரும் 500 டாலர் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஜூன் 21ஆம் நாள் சேனி, குட்மன், ஸ்வெர்னர் என்னும் மூன்று தொண்டர்கள் கொலை செய்யப்பட்டனர். அக்கோடையில் ஏறத்தாழ 17,000 கறுப்பின மக்கள் பதிவு செய்ய முயன்றனர்; ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 1,600 மட்டுமே. பதிவுக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தோல்வி. ஆனால் அந்தத் தோல்வியே நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1964இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பதிவு பெற்றிருக்கவில்லை. 1967இல் அது நூற்றுக்கு அறுபதை நெருங்கியது.

மறைவில் வந்த பணம்

வெளிப்படையாக வரும் பணத்தில் இத்தகைய சிக்கல் என்றால், மறைவாக வரும் பணத்தில் என்ன நேரும்? அதற்கும் சான்று உண்டு. 1947ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அமைந்த மேடிசன் நகரில், அமெரிக்கத் தேசிய மாணவர் சங்கம் அமைக்கப்பட்டது. பல்கலைக்கழக மாணவர் பேரவைகள் அதில் உறுப்பு வகித்தன. 1967ஆம் ஆண்டு தொடக்கத்தில் ‘ராம்பார்ட்ஸ்’ என்னும் இதழ் ஓர் உண்மையை வெளியிட்டது. அச்சங்கத்தின் வெளிநாட்டுப் பணிகளுக்குப் பல ஆண்டுகளாகப் பணம் தந்தது அந்நாட்டின் மத்திய உளவு நிறுவனமே என்பதுதான் அவ்வுண்மை. பெயருக்கு நின்ற அறக்கட்டளைகள் வழியே அப்பணம் வந்தது. தலைமைப் பொறுப்பில் இருந்த சிலருக்கு மட்டும் இது தெரியும். இரகசியம் காப்பதாக அவர்கள் கையெழுத்திட்டிருந்தனர். நேர்மையாக உழைத்த ஏனைய மாணவர்களின் பணியும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க உறுப்பினருக்கு உரிமை இல்லாத சங்கம், தன் பெயரைத் தானே காக்க முடியாது.

மாணவரே இட்ட பொதுநிதி

அரசு, அறக்கட்டளை, மறைமுகக் கொடையாளர் – இம்மூவரையும் கண்டோம். நான்காவது வழி, மாணவர்களே சிறு தொகை இட்டு ஒரு பொதுநிதி அமைத்து, அதைத் தம் பேரவை வழியே பங்கிடுவது. மேற்சொன்ன மேடிசன் நகரத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகமே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

1995–96 கல்வியாண்டில் அங்கு ஒவ்வொரு மாணவரும் கட்டிய தனிக் கட்டணம் 331 டாலர் 50 சென்ட். இதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மாணவர் மருத்துவமனை, விளையாட்டு, மாணவர் மன்றக் கட்டடம் ஆகியவற்றுக்குச் செல்லும். எஞ்சிய ஒரு பங்கை மாணவர் பேரவை, ஆட்சிக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு மாணவர் சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கும். அவ்வாண்டில் பதிவு பெற்றிருந்த சங்கங்கள் 623. அரசியல், சமூகக் கருத்துகளைப் பரப்பிய சங்கங்களும் அவற்றுள் இருந்தன. பெரும்பாலும் செலவு செய்து சீட்டுக் காட்டிய பின்னரே சங்கத்துக்குப் பணம் கிடைக்கும். மொத்தமாகக் கையில் தருவதில்லை.

1996இல் சட்டம் பயின்ற மாணவர் சிலர் வழக்குத் தொடுத்தனர். நாம் வெறுக்கும் கருத்தைப் பரப்பும் சங்கங்களுக்கு நம் பணம் செல்வது முறையன்று என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. 2000ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒருமுகமாக அத்தீர்ப்பை மாற்றியது. நீதியரசர் ஆந்தனி கென்னடி தீர்ப்பை எழுதினார். பல்கலைக்கழகம் என்பது பல கருத்துகள் உரையாடும் இடம். அதற்கென எல்லோரிடமும் கட்டணம் பெறலாம். ஆனால் பங்கிடும்போது ஒரு சங்கம் எந்தக் கருத்துடையது என்பதைப் பார்த்துக் கொடுக்கவோ மறுக்கவோ கூடாது என்பது அதன் சாரம்.

அத்தீர்ப்பில் மற்றொரு பகுதியும் உண்டு. அங்கே சில வேளைகளில் மாணவர் எல்லோரும் வாக்களித்து, ஒரு சங்கத்துக்குப் பணம் தரலாமா கூடாதா என்று முடிவு செய்யும் வழக்கமும் இருந்தது. நீதிமன்றம் இதை ஐயத்துடன் நோக்கி, அப்பகுதியைக் கீழ் நீதிமன்றத்தின் ஆய்வுக்குத் திருப்பி அனுப்பியது. பெரும்பான்மையின் விருப்பமே அளவுகோலாகுமாயின், சிறுபான்மைக் கருத்துக்குப் பாதுகாப்பு எங்கே என்று அது கேட்டது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெரும்பான்மை வாக்கு மட்டுமே நீதியாகிவிடாது என்பதை அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். வட்டமேசை மாநாட்டில் அவர் கேட்டதும், 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற நூலில் எழுதியதும் அதுவே. ஊராரிடம் அந்த நீதியைக் கேட்கும் நாம், நமக்குள்ளேயும் அதைக் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லோமா?

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டில் மாணவர் தொண்டுக்கு அரசு பொருள் தரும் பெரிய ஏற்பாடு நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகள் நூற்றாண்டில், 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் இதனை 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கி வைத்தார். செலவில் மத்திய அரசு ஏழு பங்கும் மாநில அரசு ஐந்து பங்கும் ஏற்றன; 2016 முதல் முழுச் செலவும் மத்திய அரசினுடையது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிற்றூர் முகாமும் இதன் அமைப்பு. இதனால் விளைந்த நன்மை பெரிது. நம் பள்ளியிலேயே இதன் மாணவர்கள் நட்ட வேம்புகள் இன்று நிழல் தருகின்றன.

எனினும், நாம் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியின் முகாம் நாம் பணியாற்றிய சிற்றூருக்கு வந்தது. முதல் நான்கு நாள் ஊர்க் கோயில் குளத்தைத் தூர் வாரினர். ஐந்தாம் நாள் ஊராட்சிக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்தனர். முகாமில் நம் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தனர். சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை, பிணத்தை வரப்பின் மேல் சுமந்து செல்கிறார்கள், அதை அளந்து வட்டாட்சியருக்கு எழுதுவோம் என்று அவர்கள் பொறுப்பாசிரியரிடம் கேட்டனர். “அது நம் பட்டியலில் இல்லை தம்பி, வந்த இடத்தில் வம்பு வேண்டாம்” என்று அவர் சொல்லிவிட்டார். அவர் தீயவர் அல்லர். கணக்குக் காட்ட வேண்டியவர். ஊராரின் ஆதரவில் முகாம் நடத்த வேண்டியவர். பாதையைப் பற்றி நாமும் அன்று வாய் திறக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் நம்மைவிட்டு அகலவில்லை. ஏழாம் நாள் முகாம் கலைந்தது. அடுத்த மழையில் ஒரு மூதாட்டியின் உடலை முழங்கால் சேற்றில் சுமந்து சென்றதை நாம் கண்ணால் கண்டோம்.

நம் நிதிக்கு வேண்டிய நெறிகள்

இனி, நம் கழகத்தின் கேள்விக்கு வருவோம். மேற்கண்ட வரலாறு நமக்குச் சில நெறிகளைக் காட்டுகிறது.

முதலாவது, இந்நிதி நம்முடைய பணமாகவே இருக்கட்டும். வேலையில் அமர்ந்த முன்னாள் மாணவர் ஆண்டுதோறும் தரும் சிறு தொகை, வெளியார் ஒருவர் தரும் பெருந்தொகையினும் உறுதியானது. வரவும் செலவும் கழகப் பலகையில் எவரும் படிக்குமாறு எழுதப்படட்டும்.

இரண்டாவது, என்ன பணி என்பதை மாணவரே தேர்ந்துகொள்ளட்டும். செயற்குழு பார்க்க வேண்டியவை இரண்டே: சட்டத்துக்கு உட்பட்டதா, கணக்குச் சரியாக உள்ளதா. கட்சிப் பிரசாரத்துக்கும் தனி மனிதர் ஆதாயத்துக்கும் இப்பணம் ஆகாது என்பதை முன்னரே எழுதி வைப்போம். மாணவரும் நம்பிக்கை என்ற சொல்லோடு நின்றுவிடாமல், காலணாச் செலவுக்கும் சீட்டுக் காட்டட்டும். கணக்குக் கேட்பது அவமதிப்பு அன்று.

மூன்றாவது, எந்தப் பணிக்குப் பணம் என்பதைக் கைதூக்கி முடிவு செய்ய வேண்டாம். சுடுகாட்டுப் பாதை இல்லாதவை பெரும்பாலும் சிறு குடியிருப்புகள். பொதுக்குழுவில் அவற்றுக்குச் சில கைகளே உண்டு. பெரிய குடியிருப்புகளின் கைகளை எண்ணினால் அந்த வேண்டுகோள் என்றும் கடைசியில்தான் நிற்கும். நெறிக்கு உட்பட்ட வேண்டுகோள் எதுவாயினும் அதற்குரிய பங்கு கிடைக்கட்டும்.

நான்காவது, தலைக்கணக்குப் பார்த்துப் பாதியில் நிறுத்த வேண்டாம். நிலப் பதிவேடு கேட்டு எழுதிய பத்து மனுவில் ஒன்றுக்கே விடை வரலாம். கடினமான இடத்தில் பயன் தாமதமாக வரும் என்பதை மிசிசிப்பி நமக்குக் கற்பிக்கிறது.

ஐந்தாவது, மூத்தவரின் அச்சத்துக்கு விடை தருவோம். பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் அது பிள்ளைகளை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே ஒளிவதாகும். ஒரு மாணவருக்குக் கல்லூரியிலோ ஊரிலோ இடர் வருமாயின், வழக்கறிஞர் உதவிக்கும் படிப்பு தடைப்படாமைக்கும் நிதியின் ஒரு பகுதி எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அன்று கல்லூரியில் இடம் இழந்த ஒன்பது மாணவரை நினைவில் கொள்வோமாக.

பெரியோர்களே, பிடி அரிசி படிப்புக்கென்று சேர்த்ததுதான். ஆனால் படித்த பிள்ளை தன் பாட்டியின் இறுதிப் பயணத்துக்கு ஒரு பாதை கேட்டு எழுதுவது படிப்பின் பயன் அல்லாமல் வேறென்ன? இளைஞர்களே, உங்கள் கையில் வரவிருக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் உலைக்குப் போகாமல் எடுத்து வைக்கப்பட்ட அரிசியின் மணம் உண்டு, அதை மறவாதீர்கள்.

அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் மீண்டும் வரும். அன்று நாம் அதனை ஆதரித்துப் பேசுவோம். முன்பு வாய் திறவாமல் இருந்த கடனை அவ்வாறேனும் தீர்க்க விரும்புகிறோம்.